குழந்தை எதைப் பார்க்கிறது?

1

தமிழில் குழந்தையைப் பாடியவர்களுக்குக் குறைவில்லை. பிள்ளைத்தமிழ் என்று ஒரு பிரபந்த வகையே நம்மிடம் உண்டு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று ஏழு பருவங்கள் இருபாலுக்கும் பொது. மிச்சமுள்ள மூன்று ஆண் குழந்தைக்கு வேறு, பெண் குழந்தைக்கு வேறு. தலை நிமிர்த்தி ஆடுவது, கை கொட்டுவது, தளர்நடையிட்டு வருவது என்று குழந்தையின் ஒவ்வொரு அசைவையும் நம் கவிகள் ஆசையோடு எண்ணி வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பத்தில் ஒரு பருவம்கூடக் குழந்தையின் பார்வைக்கென்று ஒதுக்கப்படவில்லை. அம்புலிப் பருவத்தில் நிலவு வருகிறது. அங்கேயும் கவி பேசுவது நிலவோடுதான். சாம, பேத, தான, தண்டம் என்று நான்கு உபாயங்களையும் நிலவின்மேல் பிரயோகித்து, இந்தக் குழந்தையோடு விளையாட வா என்கிறான். நிலவைச் சுட்டுகிற விரலையும் சுட்டியவளின் முகத்தையும் குழந்தை மாறிமாறிப் பார்த்திருக்கும். அந்தப் பார்வை பாட்டுக்குள் வரவில்லை.

நவீன எழுத்து இந்த விஷயத்தில் வெகுதூரம் வந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. தெய்வக் குழந்தை போய், களங்கமற்ற குழந்தை வந்திருக்கிறது. பெரியவர்கள் கெட்டுப்போனவர்கள், குழந்தை கெடாதது. கதையின் கடைசியில் குழந்தை ஒரு காரியம் செய்யும். பெரியவர் கண் கலங்குவார். விமர்சகனும் கூடவே கலங்கி, ‘மனிதாபிமானம்’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவான். இந்தச் சொல்லை நானும் பலமுறை போட்டிருக்கிறேன்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். குழந்தை நம் வீட்டுக்குள் இருக்கும் தீவிரமான வாசகன். நம் முகமும் கையும் அதற்குப் பிரதி. நாம் எழுதவே இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கும் வரிகளையும் அது வாசித்துவிடுகிறது. குழந்தையை இப்படி வாசகனாகக் கண்ட கதைகள் தமிழில் சில உண்டு. அவற்றை நாம் ‘களங்கமற்ற குழந்தை’க் கதைகளாகவே வாசித்துத் தீர்த்துவிட்டோம்.

2

இந்த யோசனை எனக்கு வந்தது என் வீட்டு வாசலில். அதைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது.

என் மகளுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. நானும் என் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். பகல் முழுவதும் அவள் என் அம்மாவோடு இருக்கிறாள். எங்கள் வீட்டில் சாதிப் பேச்சு கிடையாது. அப்பா தொழிற்சங்கத்தில் இருந்தவர். கூடத்தில் பாரதி படம் மாட்டியிருக்கிறது. பாப்பாப் பாட்டை மகள் மழலையில் ஒப்பிப்பாள். சாதி கிடையாது என்று பாப்பாவுக்குப் பாரதி சொல்கிற இடத்தில் ஆள்காட்டி விரலை ஆட்டி அபிநயம் பிடிப்பாள். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

எங்கள் தெருவுக்குக் குப்பை வாங்க ஒரு பெண் பேட்டரி வண்டியில் வருகிறார். ஐம்பது வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வந்தபோது மகள் கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு படியில் உட்கார்ந்திருந்தாள். “அவங்களுக்கு ஒண்ணு குடும்மா” என்றேன். எழுந்தாள். கடைசிப் படிவரை இறங்கி நின்றாள். அந்தப் பெண் கையை நீட்டினார். மகள் ஒரு பிஸ்கட்டை இரண்டு விரல் நுனியால் எடுத்து, ஒரு சாண் உயரத்திலிருந்து அந்தக் கையில் போட்டாள். விரல் படவில்லை. போட்டுவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணின் உள்ளங்கை முன்கூட்டியே குழிந்து தாழ்ந்து காத்திருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர்கள் இருவருக்கும் தெரியும்.

அம்மாவிடம் கேட்டேன். “நான் ஒண்ணும் சொல்லித் தரலியேடா” என்றாள். அது உண்மை. என் அம்மா யாரையும் கடிந்து பேசாதவள். அந்தப் பெண்ணுக்குத் தினமும் காபி உண்டு. முன்பெல்லாம் இதற்கென்று கொல்லைச் சுவர் மாடத்தில் ஒரு டம்ளர் இருந்தது. பேப்பர் கப் வந்த பிறகு டம்ளர் போய்விட்டது. அதை ஒரு முன்னேற்றமாகவே நானும் எடுத்துக்கொண்டேன். மாதக் கடைசியில் அம்மா இருபது ரூபாய் கொடுப்பாள். கொடுப்பாள் என்றால், போடுவாள். மகள் அப்போது அம்மாவின் இடுப்பில் இருப்பாள். இடுப்பில் இருக்கிற குழந்தைக்குப் பெரியவர்களின் கை நடமாட்டம் முழுவதும் தெரியும். நமக்குத் தெரியாததுகூட.

அம்மாவின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்திருக்கலாம். மறுநாள் அதுவும் நடக்கவில்லை. நான் வங்கியில் காஷ் கவுண்டரில் உட்காருகிறவன். காலையில் வேட்டியில் இஸ்திரி மடிப்போடு வந்த ஒருவருக்குப் பணத்தைக் கையில் கொடுத்தேன். அடுத்தாற்போல் முதியோர் உதவித்தொகை எடுக்க வந்த ஒரு கிழவி, ஸ்டாம்ப் பேடில் உருட்டிய கட்டை விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே கை நீட்டினாள். நான் நோட்டுகளைக் கவுண்டர் பலகையின் மேல் வைத்தேன். வைத்த பிறகுதான் தெரிந்தது. எத்தனை வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேனோ? அவளும் பழக்கப்பட்டவள்போல் பலகையிலிருந்து பணத்தை வழித்து எடுத்துக்கொண்டு போனாள்.

3

குழந்தை பார்த்துக் கற்கிறது என்பது கிழவிகளுக்கும் தெரிந்த விஷயம். ஆனால் எப்படிப் பார்க்கிறது என்பதைப்பற்றிச் சென்ற அரை நூற்றாண்டுக்கும் மேலாக உளவியல்காரர்கள் செய்திருக்கும் சில சோதனைகள், விமர்சகனும் கவனிக்கத் தக்கவை.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் எலினார் கிப்ஸன், ரிச்சர்ட் வாக் இருவரும் ஒரு மேஜை செய்தார்கள். 1960இல் அதுபற்றி எழுதினார்கள். மேஜை முழுவதும் கண்ணாடி. பாதிவரை கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் கட்டம்போட்ட துணி. மறுபாதியில் துணி கீழே தரையில். தவழ்ந்து வருகிற குழந்தைக்கு நடுவில் ஒரு பள்ளம் இருப்பதுபோல் தெரியும். கண்ணாடி தாங்கும், விழாது. ஆழம் குழந்தைக்குத் தெரிகிறதா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. தெரிகிறது என்று கண்டார்கள்.

கால் நூற்றாண்டு கழித்து, 1985இல், ஸோர்ஸ், எம்டெ, கேம்போஸ், கிளின்னர்ட் என்ற நால்வர் அதே மேஜையில் வேறு கேள்வி கேட்டார்கள். பள்ளத்தைக் குறைத்தார்கள், சுமார் 30 சென்டிமீட்டர். பயப்படவும் முடியாது, அலட்சியம் செய்யவும் முடியாது என்கிற இரண்டுங்கெட்டான் ஆழம். எதிர்ப்புறத்தில் தாய் நிற்கிறாள். ஒரு வயதுக் குழந்தை பள்ளத்தின் விளிம்புவரை வந்து, நின்று, நிமிர்ந்து தாயின் முகத்தைப் பார்க்கிறது. தாய் பேசக் கூடாது, முகம் மட்டும். சிரித்த முகத்தைக் கண்ட 19 குழந்தைகளில் 14 பள்ளத்தைத் தாண்டின. பயந்த முகத்தைக் கண்ட 17 குழந்தைகளில் ஒன்றுகூடத் தாண்டவில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. பள்ளமே இல்லாமல் சமதளமாக வைத்தபோது பெரும்பாலான குழந்தைகள் தாயின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதாவது குழந்தை எந்நேரமும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஐயம் வரும்போது பார்க்கிறது. உலகம் எந்த இடத்தில் தெளிவில்லாமல் இருக்கிறதோ அந்த இடத்தில் நம்மிடம் வருகிறது. கடைசிப் படியில் நின்று என் மகள் திரும்பிப் பார்த்தது அப்படியொரு பார்வை. அவளுக்கும் அந்த நீட்டிய கைக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதா இல்லையா என்று கேட்கிற பார்வை.

இரண்டாவது சோதனை 2002இல் வந்தது. கெர்கெய், பெக்கரிங், கிராய் மூவரும் செய்தது. பதினான்கு மாதக் குழந்தைகள். அவர்கள் முன்னால் ஒரு பெண் மேஜைமேல் இருக்கும் விளக்குப் பெட்டியைக் குனிந்து நெற்றியால் அமுக்கி எரியவைக்கிறாள். ஒரு பிரிவுக் குழந்தைகள் பார்த்தபோது அவள் குளிரில் கம்பளியைப் போர்த்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்றப் பிரிவு பார்த்தபோது கைகள் சும்மா மேஜைமேல் இருந்தன. ஒரு வாரம் கழித்துக் குழந்தைகளிடம் பெட்டியைக் கொடுத்தார்கள். கை மறைந்திருந்ததைப் பார்த்தவர்களில் 21 சதவீதம்தான் நெற்றியால் அமுக்கினார்கள். கை சும்மா இருந்ததைப் பார்த்தவர்களில் 69 சதவீதம் நெற்றியால் அமுக்கினார்கள்.

குழந்தை குரங்குபோலப் பாவனை செய்கிறது என்கிற எண்ணத்துக்கு இது நேர் எதிர். கை கட்டுண்டிருந்தால், பாவம், அதனால்தான் நெற்றியை உபயோகிக்கிறாள். எனக்குக் கை இருக்கிறதே என்று குழந்தை தன் வழியில் போகிறது. கை சும்மா இருந்தும் நெற்றியால் அமுக்குகிறாள் என்றால் அதில் ஏதோ காரணம் இருக்க வேண்டும். நானும் அப்படியே செய்கிறேன். அவர்கள் இதைத்தான் சொன்னார்கள். இந்த விளக்கத்தை ஒப்பாதவர்களும் உண்டு. கையை ஊன்றிக்கொண்டு குனிவது குழந்தைக்குச் சுலபம், அவ்வளவுதான் என்று பின்னால் வாதிட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 2005இல் ஹார்னர், வைட்டன் இருவரும் செய்த சோதனையும் இந்தப் பக்கமே சாய்கிறது. உகாண்டாவில் ஒரு சரணாலயத்துச் சிம்பன்ஸிகளுக்கும், மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் ஒரு பெட்டியிலிருந்து தின்பண்டத்தை எடுக்கும் முறையைக் காட்டினார்கள். நடுவில் தேவையில்லாத செய்கைகள் சில. பெட்டி கண்ணாடிபோல் உள்ளே தெரிவதாக இருந்தபோது சிம்பன்ஸிகள் வீண் செய்கைகளை விட்டுவிட்டுப் பண்டத்தை எடுத்துக்கொண்டன. குழந்தைகள் விடவில்லை. வீண் என்று கண்ணுக்குத் தெரிந்தும் செய்தன.

வீண் செய்கை! ஆசாரம் என்று நாம் சொல்வது வேறென்ன? என் அம்மாவின் கை கட்டப்பட்டிருக்கவில்லை. அந்தப் பெண்ணின் கை எட்டாத தூரத்திலும் இல்லை. இருந்தும் ரூபாய் மேலேயிருந்து விழுகிறது. இடுப்பில் இருந்த குழந்தை சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறது: தொட்டுக் கொடுக்க முடிந்திருந்தும் பாட்டி ஏன் போடுகிறாள்? காரணம் இருக்க வேண்டும். செய்கையை மட்டுமா அது எடுத்துக்கொண்டது? செய்கைக்கு உள்ளே இருந்த காரணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. பெயர் தெரியாத காரணம். பெயர் தெரியாததால் பாரதி பாட்டு அதைத் தொடவில்லை. பாட்டில் சாதி என்கிற சொல் இருக்கிறது. ஒரு சாண் உயரம் இல்லை.

இவையெல்லாம் அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் நடந்தவை. நம் வீடுகளுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பார்பரா ரோகாஃபும் அவரோடு பணியாற்றியவர்களும் குவாதமாலாவின் மாயா சமூகத்தில் பார்த்தது நம் வீட்டுக்கு இன்னும் நெருக்கமானது. இரண்டு குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டும் ஒரு பொம்மை செய்யக் காட்டினார்கள். மற்றது பக்கத்தில் சும்மா காத்திருக்க வேண்டும். பள்ளிப் படிப்பு அதிகம் பெறாத, பழைய வாழ்முறையில் இருந்த மாயாத் தாய்மார்களின் குழந்தைகள், தங்களுக்குக் காட்டப்படாததை அமெரிக்க நடுத்தரக் குழந்தைகளைவிட அதிகம் கவனித்திருந்தன. வேலை நடக்கிற இடத்திலேயே குழந்தையும் இருக்கிற சமூகத்தில், ஓரத்திலிருந்து பார்ப்பதே ஒரு கல்வி. நம் சமையற்கட்டும் வாசற்படியும் அப்படிப்பட்ட பள்ளிக்கூடங்கள். குழந்தையை உட்காரவைத்துப் பாடம் நடத்தும்போது அது ஜன்னலைப் பார்க்கும். நாம் வேறு யாரோடோ காரியமாக இருக்கும்போது நம்மைப் பார்க்கும்.

4

இந்தக் கண்ணோடு சில கதைகளுக்குத் திரும்பிப் போகலாம்.

தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ எல்லோருக்கும் தெரிந்தது. ரயிலில் தகப்பனோடு வருகிற சிறுவன், யார் வீட்டிலோ வேலை செய்யக் கல்கத்தாவுக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒரு சிறுமிக்குத் தன்னிடமிருந்த ஆரஞ்சைக் கொடுக்கிறான். தகப்பன் சிலிர்த்துப்போகிறார். நானும் ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறேன். ஆனால் கதையின் பார்வை எங்கே நிற்கிறது? தகப்பனிடம். குழந்தை அங்கே காட்சி. இது எங்கிருந்து வந்தது என்று தகப்பன் கேட்பதில்லை. வானத்திலிருந்து வந்ததுபோல் வாங்கிக்கொள்கிறார். ஜானகிராமனின் கலை மேன்மையைக் குறைப்பது என் நோக்கமல்ல. ஆனால் குழந்தையிடம் நல்லது தென்படும்போது அதைத் தெய்வத்தின் கணக்கிலும், கெட்டது தென்படும்போது அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் கணக்கிலும் வரவு வைக்கும் நம் வழக்கத்துக்கு இந்த வாசிப்பு சௌகரியமாக இருக்கிறது.

புதுமைப்பித்தனின் ‘மகாமசானம்’ வேறு விதம். பட்டணத்து நடைபாதையில் ஒரு கிழவன் செத்துக்கொண்டிருக்கிறான். கூட்டம் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு குழந்தை மட்டும் நின்று பார்க்கிறது. களங்கமின்மை என்று இதையும் சொல்லிவிடலாம். ஆனால் புதுமைப்பித்தன் செய்திருக்கும் ஒரு சின்ன ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும்: தகப்பன் அப்போது மாம்பழம் வாங்கப் போயிருக்கிறான். நிமிர்ந்து பார்த்துக் கேட்டுக்கொள்ள முகம் இல்லை. அந்த ஒரு கணத்தில் குழந்தை சாவைத் தன் சொந்தக் கண்ணால் பார்க்கிறது. தகப்பன் திரும்பி வந்ததும் அந்தக் கணம் முடிந்துவிடுகிறது. பட்டணத்து மனிதர்கள் பார்க்காமல் போவதற்கு எப்படிப் பழகினார்கள் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பதில் நம் இலக்கியத்தில் இல்லையென்றே எனக்குப் படுகிறது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் தகப்பன் திரும்பி வந்திருக்கிறான்.

கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையைத்தான் நாம் அதிகம் தவறவிட்டிருக்கிறோம். ஏழைத் தாய் தாயம்மாள். தெருவில் அனாதையாகத் திரிகிற, உடம்பெல்லாம் சிரங்கு பிடித்த ஒரு பையனைத் தீபாவளியன்று வீட்டுக்குள் அழைத்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கணவனுக்கென்று வாங்கி வைத்திருந்த புதுத் துண்டைக் கட்டிவிடுகிறாள். பையன் பெயர் ராஜா. பணக்கார வீட்டுப் பையன் ராமசாமி, தங்கள் வீட்டுக்கு ஜமீன் சம்பந்தத்தில் ராஜா வந்திருப்பதாகப் பெருமை பேசுகிறான். தாயம்மாளின் மகள் மங்கம்மாள், எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறார் என்று பதில் சொல்கிறாள்.

தாயம்மாளின் கருணை என்று இதை எழுதித் தீர்த்தோம். கடைசி வரியைச் சமத்காரம் என்று மெச்சினோம். மங்கம்மாள் என்ன சொல்லவில்லை என்பதை யோசித்தோமா? பாவப்பட்ட ஒரு பையன் வந்திருக்கிறான் என்று அவள் சொல்லவில்லை. கதை முழுவதும் இந்தப் பிள்ளைகள், உன்னிடம் என்ன, என்னிடம் என்ன என்று போட்டி போட்டுக்கொண்டிருப்பவர்கள். அந்தப் போட்டியில் துணிந்து ஈடாக வைக்கத் தக்க விருந்தாளியாகவே ராஜா அவளுக்குத் தெரிகிறான். ஏன்? தாய் பரிதாபத்தைப் பற்றிப் பாடம் எடுத்திருந்தால் மகள் பரிதாபத்தைக் கற்றிருப்பாள். பரிதாபத்தையும் ஒரு சாண் உயரத்திலிருந்து போடலாம். தாயம்மாளின் கை சிரங்கின்மேல் எண்ணெயைத் தேய்த்தது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்தாளியைத் தொடுகிற கையைப் பார்த்தவள், வந்தவன் விருந்தாளி என்று முடிவு கட்டினாள். கடைசி வரி ஒரு வாசகனின் முடிவு. தாய் எழுதியதை மகள் வாசித்த விதம்.

எல்லாவற்றுக்கும் மறுபக்கம் ஒன்று உண்டு. அதைப் பாமாவின் ‘கருக்கு’ (1992) காட்டுகிறது. பள்ளிவிட்டு வருகிற சிறுமி, தங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை அதன் நூலில் மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் பணிந்து கொடுப்பதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டுக்குப் போய் அண்ணனிடம் வேடிக்கையாகச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை, அவர் ஏன் அப்படித் தூக்கிப்போனார் என்பதை விளக்குகிறார். அதன் பிறகு அவளால் சிரிக்க முடியவில்லை.

நூலில் பிடித்த பொட்டலம், நெற்றியால் எரியவைத்த விளக்கு, மேலேயிருந்து விழும் ரூபாய் மூன்றும் ஒரே ஜாதி. தேவையில்லாத செய்கை, ஆகவே காரணம் கேட்கிற செய்கை. பாமாவின் சிறுமி அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தாள்: அவர் விளையாட்டுக் காட்டுகிறார். குழந்தைக்கு உரிய கண்ணியமான ஊகம். உண்மைக் காரணத்தை ஒருவர் வாயால் சொல்லவேண்டியிருந்தது. சொன்னபோது வலித்தது, வலித்ததால் அது அறிவாயிற்று, பின்னால் எழுத்தும் ஆயிற்று.

என் மகளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்கு வலிக்கவும் இல்லை. இங்கேதான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பள்ளத்தின் கீழே நிற்கிற குழந்தைக்குச் சாதி வார்த்தையாக வருகிறது; என்றைக்கு, யார் சொல்லி, எந்த இடத்தில் என்று அதனால் நினைவுகூர முடிகிறது. மேலே நிற்கிற குழந்தைக்கு வார்த்தையே தேவைப்படுவதில்லை. கை வழியாகக் கைக்கு வந்துவிடுகிறது. ஆகவே அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவனாகி, எங்கள் வீட்டில் சாதிப் பேச்சே கிடையாது என்று எழுதும். அது பொய்யுமல்ல. இந்தக் கட்டுரையின் இரண்டாம் பகுதியில் நானே எழுதியிருக்கிறேன்.

மேல்சாதி நடுத்தர வர்க்கத்திலிருந்து வந்த நம் நவீனத்துவ எழுத்தில், நுட்பமான குழந்தைப் பருவ நினைவுகள் எவ்வளவோ உண்டு. வாசனைகள், வெளிச்சங்கள், பயங்கள். ஒரு சாண் உயரத்தை எங்கே கற்றோம் என்கிற நினைவை அவற்றில் தேடிப் பார்க்கிறேன். எளிதில் கிடைப்பதாக இல்லை. எழுதியவர்கள் மறைத்தார்கள் என்று குற்றம் சாட்ட மாட்டேன். நினைவில் இருந்தால்தானே எழுத முடியும்? பாமா எழுதிய பிறகுதான், நம்மிடம் என்ன நினைவு இல்லை என்பது நமக்குத் தெரியவந்தது. விமர்சனம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். நாம் ‘தலித் இலக்கியம்’ என்று ஒரு அலமாரியைச் செய்து, அதில் வைத்துக் கதவைச் சாத்தினோம். அந்த அலமாரியில் இருப்பது நம் வீட்டுப் படியின் சரித்திரம் என்று நமக்குப் படவில்லை.

5

அப்படியானால் குழந்தை வெறும் பிரதிபிம்பம்தானா, அதற்கென்று ஒன்றுமில்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அப்படி நான் சொல்லவில்லை. கண்ணாடி மேஜையில் சிரித்த முகத்தைக் கண்டும் 5 குழந்தைகள் தாண்டவில்லை. கை சும்மா இருந்ததைப் பார்த்தும் பத்தில் மூன்று குழந்தைகள் நெற்றியை உபயோகிக்கவில்லை. நம் முகத்தை வாசித்துவிட்டுத் தன் வழியே போகிற குழந்தையும் உண்டு. வாசகன் என்று சொன்னது அதனால்தான். வாசகனுக்கு மறுக்கிற உரிமை உண்டு. ஆனால் மறுக்கட்டும் என்று சொல்லிக்கொண்டு, நான் தப்பான பிரதியாகவே இருந்துகொண்டிருக்க முடியாது.

அடுத்த மாதக் கடைசியில் நானே இருபது ரூபாயை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். மகள் பின்னாலேயே வந்தாள். நோட்டைக் கையில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். முடிவு செய்துகொண்டு நீட்டிய கை அதனாலேயே விறைத்துப் போயிருந்தது. என் விரல் கிட்டே வருவதைக் கண்டதும் அந்தப் பெண் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நோட்டு கீழே விழுந்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குனிந்தோம். அவர்தான் எடுத்தார். “பரவால்ல சார்” என்றார்.

மகள் இதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவர் முகத்தை, பிறகு என் முகத்தை. அவள் இதை எப்படி வாசித்தாள் என்று எனக்குத் தெரிய இன்னும் பல வருஷம் ஆகும். கவுண்டரில் இப்போது பணத்தை எல்லோருக்கும் கையில்தான் கொடுக்கிறேன். சிலர் வாங்கிக்கொள்கிறார்கள். அந்தக் கிழவி மட்டும் என் கையைக் கவனிக்காதவள்போல், பழையபடி பலகையைத் தடவிப் பார்க்கிறாள்.